ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்

தன் புருஷன் ஜவுபர் சாகவில்லை என்பதை ஸுல்பிகா டீச்சர் அளவையியல்படி நிறுவி வைத்திருந்தாள். சுனாமியில் போனவர்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கம் நின்றவர்கள். அன்றைக்கு ஜவுபர் கடற்கரைப் பக்கம் நிற்கவில்லை, வரிப்பத்தான்சேனைக்கு வயல் பார்க்கப் போனவர். ஆகவே ஜவுபர் சுனாமியில் போகவில்லை. கல்முனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற அதே மூன்று வரிதான். யார் வந்து பிழை பிடிப்பது?

பிழை பிடிக்க ஊருக்கு நேரமும் இருக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று அடக்கிக்கொண்டிருந்த ஊர் அது. முறையாகக் குளிப்பாட்ட வழியில்லை, கபன் துணிக்கு வழியில்லை, குழி வெட்ட ஆளில்லை. ஒரு மாதிரியாக எல்லாம் ஓய்ந்து, அடக்கம் பண்ண மையித்துக் கிடைக்காதவர்களை நினைத்து வீடுகள் அழத் தொடங்கியபோதுதான் ஸுல்பிகா மட்டும் அழாமல் இருக்கிறாள் என்பது ஆட்களுக்குத் தெரிந்தது. கேட்டவர்களிடம் அந்த மூன்று வரியையும் சொன்னாள். கடல் ஏறாத திசைக்குப் போனவரைக் கடல் எப்படிக் கொண்டுபோகும்?

அப்படியென்றால் ஆள் எங்கே? அந்தக் காலத்தில் அதற்கும் ஒரு பதில் எல்லார் கையிலும் இருந்தது. வயலுக்குப் போன முஸ்லிம் ஆட்களைத் துவக்குத் தூக்கிய தமிழ் இயக்கக்காரர்கள் மறித்துக் கொண்டுபோவது புதிய கதையல்ல. ஜவுபரின் வயலுக்கு அடுத்த வயல் நல்லரெத்தினத்துடையது. ஆலையடிவேம்பில் இருந்து வந்து செய்த தமிழர், ஜவுபரோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர். விஷயம் கேள்விப்பட்டு மனுஷன் சைக்கிளிலேயே தேடி வந்தார்.

"சத்தியமாத் தங்கச்சி, அண்டைக்கு அவர் வயல் பக்கமே வரல்ல," என்றார்.

"வராத ஆள எங்க கொண்டு ஒளிச்சு வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டான் ஸுல்பிகாவின் தம்பி மர்சூக். அவரை வாசலோடு துரத்தியும் விட்டான். ஸுல்பிகா பார்த்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. ஆளைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் அன்றைக்கே நல்லரெத்தினத்தின் தலையில் ஏறியது. அடுத்த போகத்துக்கு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. வயலை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார் என்று சொன்னார்கள்.

ஸுல்பிகாவிடம் இன்னுமொரு சாட்சியம் இருந்தது. அதை அவள் வெளியில் சொல்வதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜவுபர் புறப்பட்டுப் போய்க் கொஞ்ச நேரத்தில், அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிள் திரும்பவும் ஒழுங்கைக்குள் வந்தது. சைலன்சர் ஓட்டையான சைக்கிள், ஊரே அறிந்த சத்தம். கேற்றடியில் நின்று உறுமியது, பிறகு திரும்பிப் போய்விட்டது. மண்வெட்டியை மறந்துவிட்டு வந்திருப்பார், பிறகு வயலில் ஒன்று இருப்பது நினைவு வந்து போயிருப்பார் என்று நினைத்தாள். வயலுக்குப் போகிற மனுஷன் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தச் சத்தம் பிறகும் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வந்தது.

ஒழுங்கை முனையில் திரும்புவது கேட்கும். வேலியோரமாக வந்து கேற்றடியில் நிற்பது கேட்கும். எஞ்சினை நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாக வளைத்துத் திருப்பி, வந்த வழியே போய்விடும். முதல் சில தடவை ஸுல்பிகா முக்காடு கூட இல்லாமல் ஓடினாள். ஒழுங்கையில் கோழி மேய்ந்துகொண்டிருக்கும். மணலில் டயர் பட்ட அடையாளம் கூட இருக்காது. பக்கத்து வீட்டு ஸுஹைறாவிடம், "சத்தமொண்டு கேட்டிச்சா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டாள். ஸுஹைறா பயந்துபோய், அவள் தலையில் கைவைத்து ஓதி ஊதிவிட்டாள். அதோடு ஸுல்பிகா யாரிடமும் கேட்பதை விட்டாள்.

ஆனால் பயப்படவில்லை. செத்தவர்கள்தானே பேயாக வருவார்கள்? இவர் எங்கேயோ ஒரு முகாமில், ஒரு கூண்டுக்குள், ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்து வீட்டை நினைக்கிறார். அந்த நினைப்பு இங்கே வந்து நிற்கிறது. இப்படி ஒரு விளக்கத்தை அவள் மாணவி ஒருத்தி விடைத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்திருப்பாள். தனக்கென்று வந்தபோது முழுப்புள்ளி போட்டுக்கொண்டாள். ஞாயிறு காலையில் எந்தக் கலியாணத்துக்கும் போகமாட்டாள், எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டாள். குசினியில் இருந்தபடி காதை ஒழுங்கைக்குக் கொடுத்துவிட்டு இருப்பாள்.

யுத்தம் முடிந்தது. முகாம்கள் திறந்தன. காணாமல் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார்கள், பலர் வரவில்லை. ஸுல்பிகா போகாத காரியாலயம் இல்லை, காட்டாத படம் இல்லை. வருஷம் ஒன்று கழிந்தும் ஜவுபர் வரவில்லை. வந்தது ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் மட்டும்தான்.

மர்சூக் அதற்குமேல் பொறுக்கவில்லை. அவனும் பாவம், ராத்தாவைத் தனியே விட்டுவிட்டுத் தன் பெண்சாதி வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாதவன். சாய்ந்தமருதில் துணிக்கடை வைத்திருக்கிற, மனைவி மௌத்தான ஒரு மனுஷனைப் பார்த்தும் வைத்திருந்தான். மார்க்கச் சட்டப்படி தீர்ப்புச் சொல்கிற காதியார் முகைதீன்பாவாவிடம் போய்க் கதைத்துவிட்டு வந்து சொன்னான்.

"ராத்தா, காதியார் தெளிவாச் சொல்லிட்டார். மௌத்தான நாள் தெரிஞ்சா இத்தா அண்டையிலிரிந்து கணக்கு. தெரியாட்டி அவர் தீர்ப்பு எழுதுற நாளிலிரிந்து கணக்கு. நமக்கு நாள் தெரியாது. எழுதின நாளிலிரிந்து நீங்க நாலு மாசமும் பத்து நாளும் இரிக்கணும். மறுகா ஒங்கட விருப்பம்."

ஸுல்பிகா உடனே சரி என்றாள். மர்சூக் திகைத்துப் போனான். ஒரு சாறி வாங்கினாலே மூன்று தடவை கடைக்குத் திருப்பியனுப்பி மாற்றுகிற ராத்தா! கல்முனைக் கடைக்காரர்கள் அவளைக் கண்டால், "டீச்சர், கட்டாம வைக்கட்டா, நாளைக்கு எப்படியும் வருவீங்கதானே?" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் இதற்கு மட்டும் ஒரே சொல்லில் தலையாட்டினாள்.

அவள் கணக்கு வேறு. ஜவுபர் இல்லை என்பது யுத்தம் முடிந்த வருஷத்திலேயே அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இத்தா என்றால் விதவை வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரமில்லாமல், வெள்ளையோடு இருக்கிற காலம். அந்த நாலு மாதமும் பத்து நாளும் கலியாணப் பேச்சை யாரும் எடுக்க முடியாது. மற்ற ஊரெல்லாம் ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே இருந்து எழும்பிவிட்ட துக்கத்தை அவள் ஆற அமர இருந்து அனுபவிக்கலாம். பதினெட்டு ஞாயிறுகள் அவளும் அந்தச் சத்தமும் மட்டும். வெள்ளைச் சீலை கூட எடுத்து வைத்துவிட்டாள். அதை மாற்றப் போகவில்லை.

காதியார் வருவதாக இருந்ததற்கு முந்திய ஞாயிறு, வெயில் ஏறாத நேரத்தில், கேற்றடியில் ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, ஒரு கண் இமை பாதி மூடினபடி. கதைக்கத் தொடங்கிய பிறகுதான் ஸுல்பிகாவுக்கு ஆள் விளங்கியது. காரைதீவுக் கேதீஸ்வரன் சேர். வெளிவாரிப் பட்டத்துக்கு அவளுக்கு மெய்யியல் படிப்பித்தவர். சுனாமிக்குப் பிறகு வன்னியில் அக்கா வீட்டுக்குப் போனவர், அங்கேயே அகப்பட்டு, கடைசி வரை இழுபட்டு, செட்டிகுளம் முகாமில் கிடந்து, ஒரு மாதத்துக்கு முன்தான் ஊர் திரும்பியிருந்தார்.

விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினாள். கதவோரமாக அவள் நின்றாள். அவர் பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்று பச்சை அட்டை, மற்றது சாம்பல் நிறம்.

"இதுகள் ஞாபகம் இருக்கா, டீச்சர்?"

ஞாபகம் இல்லாமலா? பச்சை அட்டை பௌதீகவதீதம். உள்ளது எது, இல்லாதது எது, காலம் என்றால் என்ன, உயிர் போனால் மிஞ்சுவது என்ன என்று பேசுகிற நூல். சாம்பல் நிறம் இருப்பியல்வாதம். எதுவுமே நிச்சயமில்லாத உலகத்தில் தன்னந்தனியாக நின்று முடிவெடுக்க வேண்டிய மனிதனைப் பற்றிப் பேசுகிற நூல். பட்டத்தின் கடைசி வருஷத்தில், அதுதான் சுனாமி வந்த வருஷம், இரண்டில் ஒரு பாடத்தை எடுக்க வேண்டும். ஸுல்பிகா ஒரு கிழமை பச்சை, ஒரு கிழமை சாம்பல் என்று ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு நூலும் அந்தப் பிரதேசத்திலேயே கேதீஸ்வரன் சேரிடம்தான் இருந்தன. சேருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் கொடுப்பார், வாசித்து முடித்துத் தந்துவிட்டுத்தான் அடுத்தது. இரவல் கொடுத்துப் புத்தகம் இழந்த எல்லாரும் கடைசியில் வந்து சேர்கிற சட்டம்.

"ஜவுபர் நானா கடைசியா என்ட வீட்டதான் வந்தவர், டீச்சர்," என்றார் அவர். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

ஸுல்பிகாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப?"

"அண்டைக்கு. அந்த ஞாயிறு காலையில. 'புத்தகத்த அவவுக்குச் சொல்லாமக் கொண்டு போய்க் குடுக்கப்போறன், வயலுக்குப் போறனெண்டு சொல்லிட்டு வந்தன்' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

சேரின் வீடு காரைதீவில் கடலைப் பார்த்தபடி இருந்தது. அவளுடைய மூன்று வரியில் இரண்டாவது வரி அந்த இடத்திலேயே உடைந்து விழுந்தது.

முந்திய இரவு ஜவுபர் கேட்டிருந்தார், எந்தப் புத்தகம் வேண்டும் என்று. பச்சை என்றாள். சாப்பிடும்போது சாம்பல் என்றாள். படுக்கும்போது, "நீங்களே பாத்து எடுத்து வாங்களன்" என்றாள். அடுத்த கிழமை போவார் என்று நினைத்துச் சொன்னது.

"ரெண்டையும் தாங்க சேர் எண்டுதான் முதல்ல கேட்டவர். நான் குடுக்கல்ல. அப்ப எது என்ன சொல்லுது எண்டு கேட்டார். சொன்னன். அவர் சாம்பலத் தட்டிப் பாத்துட்டு, 'இதத் தாங்க, முடிவெடுக்கத் தெரியாத பொம்பிளைக்கு இதுதான் மருந்து' எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு போயிட்டார். டீச்சர், அவர் போயிட்டார். ரோட்டுக்கு ஏறிட்டார். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் நிறுத்தினார். ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் திரும்பியது.

ஸுல்பிகாவுக்கு அது பழக்கமான சத்தம். அவள் கேற்றைப் பார்க்கவில்லை, சேரின் முகத்தைப் பார்த்தாள். ஓட்டைச் சைலன்சர் வேலியோரமாக நெருங்க நெருங்க அவருடைய திறந்த கண் பெரிதாகியது. கேற்றடியில் நின்று உறுமியது. மடியிலிருந்த புத்தகங்களை அவர் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தார். பிறகு அது வளைத்துத் திரும்பி, வந்த வழியே போய்த் தேய்ந்தது. அவர் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"சேர், ஒங்களுக்குக் கேட்டிச்சா?"

"ஓம்," என்றார்.

ஐந்து வருஷமாக அவள் தனியாகக் கேட்டது இன்னொருவர் காதிலும் விழுந்துவிட்டது. இனி அது அவள் மனப்பிராந்தி அல்ல. அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"மிச்சத்தச் சொல்லுங்க."

"கொஞ்சத்தால திரும்பி வந்தார். என்ன நானா எண்டு கேட்டன். 'வீட்டு கேற்றடி மட்டும் போயிட்டன் சேர்' எண்டார். 'அங்க நிண்டு யோசிச்சன். இதக் கொண்டுபோய்க் குடுத்தா அவ மத்தததான் கேப்பா. மறுகா நாளைக்கு நான்தானே இவ்வளவு தூரம் வரணும். இப்பவே மாத்தித் தாங்க.' நான் பச்சப் புத்தகத்த எடுக்க உள்ளுக்குப் போனன். அலுமாரியத் திறக்க முந்தி, கடல் சத்தம் வந்திச்சு. ஜன்னலால பாத்தன். படியில நிண்டவர். கடலப் பாத்துக்கொண்டு நிண்டவர். அவ்வளவுதான், டீச்சர். தண்ணி என்னயக் கோயில் மதிலடியில கொண்டு போட்டிச்சு. அவரக் கொண்டு போனதக் கண்ணால கண்டன். மறுகா காணல்ல."

ஸுல்பிகா கேற்றைப் பார்த்தாள். அந்தக் கேற்றடி வரை வந்திருக்கிறார். அவள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். எழும்பி வந்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"ஏன் சேர் அப்பவே வந்து சொல்லல்ல?"

"ரெண்டு தரம் இந்த ஒழுங்கை முனை மட்டும் வந்தனான். இஞ்ச எல்லாரும் அவர எங்கட ஆக்கள்தான் கொண்டு போனதெண்டு கதைச்சுக்கொண்டிருந்த நேரம். நானும் ஒரு தமிழன், என்ட வீட்டு வாசல்லதான் போனவரெண்டு வந்து சொல்லப் பயந்துட்டன். நல்லரெத்தினத்துக்கு நடந்ததக் கேள்விப்பட்டும் வாயத் திறக்கல்ல. அது என்ட பிழை. ரெண்டு புத்தகத்தையும் அண்டைக்கே குடுத்திருந்தா அவர் திரும்பி வந்திருக்கமாட்டார். அதுவும் என்ட பிழை."

"ஒங்கட பிழையா? நான் ஒண்டச் சொல்லி அனுப்பியிருந்தா அவர் அங்க நிண்டு யோசிச்சிரிப்பாரா?"

"இல்ல டீச்சர், சட்டம் போட்டது நான்."

"மாத்தி மாத்திக் கேக்கிறது நான், சேர்."

செத்தவர் ஒருவர், அவரைக் கொன்ற பங்குக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கேதீஸ்வரன் சேர் எழும்பி இரண்டு புத்தகங்களையும் கதிரையில் வைத்தார். பழைய புத்தகங்கள் கடலோடு போய்விட்டன. இவை கொழும்பில் தேடித் திரிந்து வாங்கியவை.

"ரெண்டையும் வெச்சுக்கொள்ளுங்க."

"இல்ல. அவர் ஒண்டுக்குத்தான் வந்தவர். ஒண்டத்தான் எடுப்பன்."

ஜவுபர் திரும்பிப் போனது பச்சைக்காக. அதை எடுத்தால் அவர் போனது வீணில்லை என்று ஆகும். ஆனால் சாம்பலை எடுத்தால், அவர் முதலில் எடுத்ததே சரியாக இருந்தது, திரும்பிப் போகவே தேவையில்லை என்று அவருக்குச் சொன்னதாக ஆகும். அவள் சாம்பலை எடுத்து நெஞ்சோடு பிடித்தாள்.

"இத நீங்க கொண்டு போங்க," என்று பச்சையை நீட்டினாள்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கேற்றைத் தாண்டுமுன்னே அவளுக்குப் பழைய குணம் தொண்டை வரை வந்துவிட்டது. பச்சைதான் வேண்டும். செத்தால் மிஞ்சுவது என்ன என்று சொல்கிற புத்தகத்தை விட்டுவிட்டு இதை வைத்து என்ன செய்வது? ஞாயிறு தோறும் கேற்றடியில் வந்து நிற்பது எது என்று இது சொல்லுமா? "சேர்" என்று ஒரு சொல் கூப்பிட்டால் திரும்பி வருவார். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்கை முனையில் காலை ஊன்றி ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். ஸுல்பிகா முக்காட்டு முனையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அவள் தன்னோடு வழக்காடினாள். சேர் சொன்னது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மர்சூக்குக்குத் தெரியாது. காதியாரிடம் சொன்னால், மௌத்தான நாள் தெரிந்துவிட்டது என்று ஆகும். இத்தாக் காலம் அந்தக் காலத்திலேயே ஓடி முடிந்துவிட்டது என்று ஆகும். அவள் பள்ளிக்கூடம் போய், கடைக்குப் போய், பூப்போட்ட சாறி கட்டி, சிரித்துக் கதைத்துத் திரிந்த அந்த மாதங்கள்தான் அவளுடைய இத்தா. அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. சொல்லாமல் விட்டால் நாலு மாதமும் பத்து நாளும் அவளுக்கு.

சொல்லாமல் விடுவது பொய்யா? எடுப்பு, அதாவது சொன்ன கூற்று ஒன்றுக்குத்தான் மெய், பொய் உண்டு. மௌனம் எடுப்பு அல்ல. இதையும் அவள் நிறுவிவிட்டாள். நிறுவின பிறகு நல்லரெத்தினத்தின் முகம் வந்து நின்றது. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, "சத்தியமாத் தங்கச்சி" என்ற முகம். அதற்கு அளவையியலில் இடமில்லை என்று ஒதுக்கப் பார்த்தாள். இரவெல்லாம் அது போகவில்லை.

ஞாயிறு வந்தது. காதியார் முகைதீன்பாவா வெள்ளைத் தொப்பியும் கண்ணாடியுமாக வந்து விறாந்தையில் இருந்தார். மர்சூக் பிளேன்ரீயும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தான். ஸுல்பிகா திரைச்சீலைக்கு உள்பக்கமாக இருந்தாள். வெள்ளைச் சீலை கட்டிலில் மடித்தபடி இருந்தது. காதியார் சுற்றி வளைக்காத மனுஷன்.

"மகள், ஜவுபர் மௌத்தான நாளப் பத்தி ஒங்களுக்கு ஏதும் தகவல் இரிக்கா? இல்லாட்டி இண்டையத் திகதியப் போட்டு எழுதிடுவன்."

"இல்ல" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஒழுங்கை முனையில் சத்தம் திரும்பியது.

அது வேலியோரமாக வந்தது. மர்சூக் வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தான், காதியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேற்றடியில் வந்து நின்று உறுமியது. இன்னும் கொஞ்சத்தில் அது திரும்பிவிடும். திரும்பி எங்கே போகும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக, கிழமைக்கு ஒருக்கால், அந்த மனுஷன் இந்த வாசலில் இருந்து கடலுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அவள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்பதை ஆசையாக வேறு வைத்திருந்திருக்கிறாள். இனியும் பதினெட்டுத் தரம் அனுப்பவா இத்தா இருக்கப் போகிறாள்?

ஸுல்பிகா எழும்பினாள். மேசையிலிருந்த சாம்பல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி, இரண்டு ஆண்களுக்கும் நடுவால் நடந்து போனாள். "ராத்தா?" என்றான் மர்சூக். கேற்றின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தாள். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சத்தம் மட்டும் அவளுக்கு முன்னால், கை நீட்டினால் படுகிற தூரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. உப்பு வாடை அடித்தது. இத்தனை வருஷமும் அதை வயல் சேற்று வாடை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுதான்," என்றாள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். கோபத்தில் பெண்சாதி புருஷனோடு கதைக்கிற குரல்தான் வந்தது. "நீங்க மொதல் எடுத்ததுதான் எனக்கு வேணும். நான் மாத்தக் கேக்கல்ல. கேக்கமாட்டன். இனித் திரும்பிப் போகாதீங்க. உள்ளுக்கு வாங்க."

எஞ்சின் நின்றது. திரும்பவில்லை, போகவில்லை, நின்றது. சூடான எஞ்சின் ஆறும்போது வருகிற சின்னச் சின்ன டிக் டிக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவள் கேற்றுக்கு ஓரமாக ஒதுங்கி, ஒரு ஆள் உள்ளே போகிற அளவு இடம் விட்டு நின்றாள். ஒருவரும் அவளைக் கடந்து போகவில்லை. உப்பு வாடை மெல்ல மெல்லக் கலைந்து, ஸுஹைறா வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசம் வந்தது.

திரும்பி வந்து விறாந்தைப் படியில் நின்று சொன்னாள். "எழுதுங்க. சுனாமி நாள். காரைதீவில, கேதீஸ்வரன் சேர்ட வீட்டுப் படியில. அவர் கண்ணால கண்டவர், கூப்பிட்டா வந்து சொல்லுவார். நாந்தான் புத்தகம் எடுக்க அனுப்பின. வயலுக்குப் போகல்ல. நல்லரெத்தினம் சொன்னதுதான் உண்மை. மர்சூக், நாளைக்கு நீ என்ன ஆலையடிவேம்புக்குக் கூட்டிப் போற."

மர்சூக் பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்தபடி இருந்தான். காதியார் விரலால் எதையோ எண்ணிப் பார்த்துவிட்டு, பேனையை மூடினார்.

"அப்ப ஒங்கட இத்தா அந்த நேரமே முடிஞ்சி மகள். இனி ஒங்களுக்கு இரிக்க ஒண்டும் இல்ல."

ஒண்டும் இல்ல. அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். ஸுல்பிகா படியில் இருந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அடி வயிற்றிலிருந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்க, அன்றைக்கு அழாத அத்தனையையும் சேர்த்து ஓலமிட்டு அழுதாள். காதியார் அடக்கவில்லை, எழும்பி ஓரமாகப் போய் நின்றார்.

அந்த மாதிரி ஓலம் கேட்டால் எங்கள் பக்கத்தில் பெண்கள் கேட்டுக்கேள்வி இல்லாமல் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். ஸுஹைறா அகப்பையோடு வந்தாள். முன் வீட்டு உம்மு ஈரக் கையோடு வந்தாள். ஒழுங்கை முனையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அகலத் திறந்து கிடந்த கேற்றால் உள்ளே வந்து, படியில் கிடப்பவளையும் காதியாரையும் பார்த்துவிட்டு மர்சூக்கிடம் கேட்டார்கள்.

"ஆரு தம்பி மௌத்து?"

மர்சூக் கோப்பையைக் கீழே வைத்தான். ராத்தாவைப் பார்த்தான். அவன் முகமும் கோணியது.

"மச்சான்," என்றான். "ஜவுபர் மச்சான்."